தொப்பியா, மூடியா

சர்ர்ர். நின்றுவிட்டது. மறுபடியும் சர்ர்ர். ஈரத்துணியைத் தகரத்தில் இழுக்கிற மாதிரி, இல்லை, துணி இல்லை, நகம், சின்னச் சின்ன நகங்கள் கல்லைப் பிறாண்டுகின்றன, சுவருக்குள்ளே, என் கட்டிலுக்கு நேர் எதிரே இருக்கிற கணப்படுப்பின் வயிற்றுக்குள்ளே. இருட்டி ரொம்ப நேரம் ஆகவில்லை. கூடத்தில் அத்தையின் சீரியல் ஓடுகிறது, யாரோ யாரையோ அறைந்துவிட்டார்கள் போல, அந்த ஒரு அறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி டமால் டமால் என்று மியூசிக் போடுகிறார்கள், அதற்கு நடுவே சர்ர்ர். தாரிணி அசைந்தாள். எழுந்துவிடாதே கண்ணு, எழுந்துவிடாதே. தூக்கத்திலேயே வாயைச் சப்பிக்கொண்டாள், ஓரத்தில் பால் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, என் பால்தான், அதன் புளித்த வாடையே இப்போது எனக்குக் குமட்டுகிறது. மதியம்தான் மேலே சிம்னி வாயை மூடினார்கள். தகரக்கடை யாகூப் பாயின் ஆள் ஓட்டின்மேல் குந்தி உட்கார்ந்து, சிமெண்ட் குழைத்து அப்பி, மூடிவிட்டு இறங்கிப் போனான். அப்படியென்றால் இது அப்போதே உள்ளே இருந்திருக்கிறது. ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அவசரம். யாரும் எதையும் கேட்பதற்கு முன்னால் அவன் ஏறி, மூடி, இறங்கிவிட வேண்டும் என்கிற அவசரம். உயிரோடு எதையோ வைத்து மூடிவிட்டேன். மேலே வழியில்லை, அதற்கு இனி இருக்கிற ஒரே வழி கீழே. கீழே நாங்கள் இருக்கிறோம்.

நெருப்பு இருக்கிற ரூம் புள்ளைக்குத்தான் என்று அத்தை சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோத்தகிரிக் குளிரில் பிறந்த குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்குகிறேன், கட்டில் விரித்து, கணப்படுப்பில் யூகலிப்டஸ் கட்டை அடுக்கி, ஜன்னல் சந்தில் பேப்பர் அடைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். எந்தத் தோட்டத்துத் துரையோ கட்டிய வீடு, மாமனார் இருக்கும்போது வாங்கியது, ரூம்கள் நிறைய, நெருப்பு இந்த ஒரு ரூமில் மட்டும்தான். நெருப்பு இருக்கிற ரூம் என்றால் எல்லாருடைய ரூம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. முதல் நாள் சாயங்காலமே கதவு திறந்தது. கையால் இல்லை, காலால். சின்ன மாமா ஒரு கையில் டீ டம்ளர், ஒரு கையில் வெற்றிலைப் பையோடு செருப்புக் காலால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பிரம்பு நாற்காலியை நெருப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். என் புருஷனுடைய சித்தப்பா. சித்தி போய்ச் சேர்ந்ததிலிருந்து பின்கட்டு ரூமில் இருக்கிறார். "நீ பாட்டுக்கு இரு அம்மிணி, நான் பாட்டுக்கு நெருப்புக் காயறேன்." நாற்காலி நெருப்பைப் பார்த்துப் போட்டதுதான், ஆனால் ஒருக்களித்து. ஏன் ஒருக்களித்து? புகை கண்ணில் படும் என்று இருக்கலாம். நான்தான் அசிங்கமாக யோசிக்கிறேனோ. தாரிணி அழுதாள், பால் கொடுக்க வேண்டும், நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன், சால்வையைப் போர்த்திக்கொண்டேன், முதுகில் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது, விரட்ட முடியாத ஈ. வெற்றிலையை மென்று பல்லிடுக்கில் நாக்கைவிட்டு ச்சப், ச்சப் என்று உறிஞ்சுவார். பிறகு நெருப்பில் துப்புவார். சுர் என்று பொங்கும். அந்த நாற்றம், எச்சிலும் சுண்ணாம்பும் வெந்த நாற்றம், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டால் தாரிணி இழுத்துக் குடிப்பாள். "பாலு சேருதா அம்மிணி? போதுமானதா இருக்குதா?" என் முதுகுக்குக் கேட்கிற கேள்வி. பதில் சொல்லாவிட்டால் மரியாதையில்லை, சொன்னால் அவர் வாயில் எச்சில் ஊறிய வார்த்தையை நானும் மென்ற மாதிரி. "இருக்குதுங்க மாமா." சொன்னேன். சொன்னதற்கு இன்னும் வாய் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

அத்தையிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பால் கொடுக்கும்போது கூச்சமா இருக்குங்க அத்தை என்று சொன்னேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. "வயசான மனுசன், மூட்டுக்குக் குளிர் ஆகலை. நெருப்புக்கு வர்றாரு கண்ணு, உனக்கா வர்றாரு?" கீரைத்தண்டை டக் என்று ஒடித்தார். சரி, நான் துணி மாற்றுகிற நேரத்துக்காவது உள்ளே தாழ் போட்டுக்கொள்ளட்டுமா? "இந்த வீட்ல படுக்கற ரூமுக்கு உள்தாழ் போடற பழக்கமில்ல. கைப்புள்ள வேற, ஒரு அவசரம்னா? லாட்ஜா இது?" தாழ்ப்பாள் இருக்கத்தான் இருக்கிறது, கதவோடு சேர்த்து நீல பெயிண்ட் அடித்து அடித்து, புண்ணின்மேல் பொருக்கு மாதிரி மூடிப்போய். இவரிடம் சொன்னேன். பூபதி, என் புருஷன், டீ பாக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து கண்ணைத் திறக்க முடியாமல் படுத்திருந்தார், உடம்பெல்லாம் பச்சை இலை நெடி. "சித்தப்பா என்னைத் தோள்ல தூக்கி வளத்தவரு, பிரதீபா. கன்னாபின்னான்னு நெனைக்காத." கன்னாபின்னா என்ற வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. என்ன சொல்வேன்? தொட்டாரா, இல்லை. ஏதாவது சொன்னாரா, பால் சேருதா என்றார். நெருப்புக்கு வருகிற மனிதர். நெருப்பு என் ரூமில் இருக்கிறது. அவ்வளவுதான். அவ்வளவுதானா? இந்த இடத்துக்கு வந்ததும் என் மனசு ஊசி நூலில் முடிச்சு விழுந்த மாதிரி நின்றுவிடும். இழுத்தால் துணி சுருங்கும். விட்டால் தைக்க முடியாது.

சர்ர்ர். இப்போது கீழே வந்திருக்கிறது. கரி உதிர்கிறது, அடுப்புக் கல்லின்மேல் பொடிப்பொடியாக. ஐயோ, அன்றைக்கும் இப்படித்தான் உதிர்ந்தது, நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், தாரிணி தவழ்ந்து போனதைக் கவனிக்கவில்லை, சத்தமில்லாமல் இருக்கிறாளே என்று திரும்பினால் கணப்படுப்பின் முன்னால் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருக்கிறாள். விரலை விட்டுத் தோண்டினேன். இறகு. ஈரமான, கரியும் எச்சிலுமாக நைந்த இறகு, அதன் நுனியில் ரோஜா நிறத்தில் ஒரு துணுக்குத் தோல். அடுப்பில், சிம்னி வாயோரத்திலிருந்து கூடு ஒன்று விழுந்து கிடந்தது, அதில் கண் திறக்காத புறாக்குஞ்சு, பாதி. மீதிப் பாதி எங்கே என்று யோசித்தபோதே வாஷ்பேசினுக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தேன். அன்றைக்கு வீடே ஒரே பேச்சாக, சிம்னிக்கு மேலே எதையாவது போட்டே தீரவேண்டும் என்றது. இவர் போனில் தேடி சிம்னி கேப் என்று ஒன்றை வரவழைத்தார். வந்தது பார்த்தால் பிளாஸ்டிக், சமையலறையில் அடுப்புக்கு மேலே மாட்டுவார்களே புகை இழுக்கிற மெஷின், அதற்கும் சிம்னி என்றுதானே பேர், அந்தச் சிம்னியின் குழாய் வாய்க்கு மாட்டுகிற வெள்ளை மூக்கு. அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க காலத்துல சிம்னின்னா விளக்குக் கண்ணாடிடா. நல்லவேளை அத அனுப்பாம விட்டான்." எல்லாரும் சிரித்தோம், நானும்தான், அதற்குள் சின்ன மாமா அதை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "எப்பிடி அம்மிணி, மாப்பிள்ளைக் களை இருக்குதா?" என்று என் முகத்துக்கு நேரே குனிந்தார். வெற்றிலைச் சாறு உதட்டோரம் கோடாக இறங்கியிருந்தது. அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அந்த வெள்ளை மூக்கு இன்னும் அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, திருப்பி அனுப்ப நாள் தாண்டிவிட்டது. தலையெண்ணெய்ப் பிசுக்கு உள்பக்கம் வட்டமாக ஒட்டியிருக்கும். நான் தொடவில்லை.

பஜாரில் யாகூப் பாயின் தகரக்கடைக்கு நான்தான் போனேன், தாரிணியை இடுப்பில் வைத்துக்கொண்டு. இவர் முன்னாலேயே போனில் சொல்லிவிட்டார், ஆனாலும் பாய்க்கு நேரில் ஒருதரம் கேட்டால்தான் திருப்தி. கடை முழுக்கத் தகரத்தின் புளிப்பு வாடை. "ஏம்மா, தொப்பியா மூடியா? உங்க வீட்டுக்காரரு தொப்பின்னாரு, ஆனா இந்த ஊர்ல எல்லாரும் மூடிக்கும் தொப்பிம்பான், தொப்பிக்கும் மூடிம்பான், அப்புறம் வந்து என் தலைமேல ஏறுவான்." ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் பாய்? ஒரு கையை விரித்து இன்னொரு கையின்மேல் குடைபோலப் பிடித்துக்காட்டினார். "தொப்பின்னா நாலு காலு, சுத்தி வலை, மேல கூரை. மழை வராது, குருவி வராது, புகை போவும். மூடின்னா டப்பா மூடிதான். கவுத்து சிமிட்டி வெச்சா முடிஞ்சுது. ஒண்ணும் வராது, ஒண்ணும் போவாது." தாரிணி அங்கே தொங்கிய ஒரு புனலைப் பிடித்து இழுத்தாள். "நெருப்பு போடுற வீடா, போடாத வீடா? அத மட்டும் சொல்லுங்க, நான் அடிச்சிர்றேன்." போடாத வீடு. என் வாய்தான் சொன்னது. சொன்ன பிறகும் திருத்தவில்லை. "போடாத வீடு பாய். மூடி." மதியம் மேலே வைக்கும்போது எல்லாரும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அத்தை குடையைப் பிடித்துக்கொண்டு நல்லா இறுக்கி வைப்பா என்றார். சின்ன மாமா நெற்றியில் கைவைத்து, "தொப்பி சின்னதா இருக்குதேப்பா" என்றார். "கீழருந்து பாத்தா அப்பிடித்தாங்க" என்று கத்தினான் பாயின் ஆள். கடைசியில் கையைத் தட்டிக்கொண்டு மேலிருந்து, "மூடியாச்சுங்க!" என்றான். எனக்கு உயிரே போய்விட்டது. மூடியாச்சு. அவர்களுக்கு அது வேலை முடிந்தது என்று கேட்டது. எனக்கு மட்டும்தான் அதில் மூடி கேட்டது.

சாப்பிடும்போது சொன்னேன், சிமெண்ட் காயணுமாம், இன்னிக்கு நெருப்பு போட வேண்டாம்னு பாய் சொன்னாருங்க, நான் ஹீட்டர் போட்டுக்கறேன். சின்ன மாமா ரசத்தைக் கையில் வழியவிட்டு உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார். "ஈர சிமிட்டிக்குச் சூடு ஆகாது." அவருக்கே தெரியும். ஆக இன்றைக்கு இந்த ரூமில் நெருப்பு இல்லை. இன்றைக்கு வரமாட்டார். வரமாட்டார் என்றால் இத்தனை நாளும் நெருப்புக்குத்தான் வந்தார், என் மனசில்தான் அழுக்கு, நாளைக்கே உண்மையைச் சொல்லிவிடலாம், தப்பா அடிச்சிட்டாரு பாய் என்று மூடியைக் கழற்றித் தொப்பி வைக்கச் சொல்லிவிடலாம், அவர் பாட்டுக்கு வந்து மூட்டுக்குச் சூடு காட்டிக்கொள்ளட்டும், நான் மன்னிப்புக்கூடக் கேட்டுக்கொள்கிறேன், மனசுக்குள். இன்றைக்கு அவர் வரக்கூடாது. என் அழுக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும். டிஸ்கஸ்டிங் கேர்ள் என்பார் கான்வெண்டில் சிஸ்டர் கிளாடிஸ். நகத்தில் அழுக்கு, டிஸ்கஸ்டிங். தலையில் பேன், டிஸ்கஸ்டிங். காலை அகட்டி உட்கார்ந்தால் டிஸ்கஸ்டிங் கேர்ள், வெளியே போ. அத்தனை வருஷம் அங்கே அந்த வார்த்தை எங்களைப் பார்த்துத்தான் வந்தது, எங்களிடமிருந்து யாரையாவது பார்த்துப் போகலாம் என்று சொல்லித்தரவே இல்லை. அதற்குத் தமிழில் இருக்கிற அருவருப்பு என்ற சொல்லைப் பைபிளில்தான் பார்த்திருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. ஆனால் கதவு சொல்லித்தந்தார் சிஸ்டர். எந்தக் கதவானாலும் தட்டு, மே ஐ கம் இன் கேள், பதில் வரும்வரை நில். எத்தனை தடவை நின்றிருக்கிறேன், ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தாலும் நின்றிருக்கிறேன். ஹாஸ்டல் ரூமுக்கு மட்டும் தாழ்ப்பாள் கிடையாது. கழற்றி வைத்திருந்தார்கள், ஆணி இருந்த ஓட்டைகள் மட்டும் இருக்கும். தாழ் போடுகிற பெண்ணுக்கு மறைக்க என்னமோ இருக்கிறது என்பார்கள். அங்கே இல்லை, இங்கேயும் இல்லை. யோசித்தால் பாத்ரூம் தவிர நான் ஒரு கதவையும் உள்ளேயிருந்து தாழ் போட்டதே இல்லை.

டொப்.

விழுந்துவிட்டது. அடுப்புக் கல்லின்மேல், சாம்பல் புகையாக எழும்புகிறது, அதற்குள் கறுப்பாக, கைக்குட்டை அளவில், சுருண்டு, விரிந்து, மறுபடி சுருண்டு. வௌவால். சிறகை முழங்கையாக ஊன்றித் தவழ்கிறது, ச்சீ, தவழ்கிறது, என் குழந்தை தவழ்கிற மாதிரியே ஒரு கையை எடுத்து வைத்து, ஒரு பக்கம் சாய்ந்து, கட்டிலை நோக்கித் தவழ்கிறது. வாயைத் திறக்கிறது, ஊசிப் பற்கள், சிவந்த வாய், சத்தம் காதுக்குள் கம்பியாக ஏறுகிறது. அத்தை என்று கத்தலாம். இவர் ராத்திரி ஷிப்டுக்குப் போய்விட்டார், கத்தினால் யார் வருவார் என்று எனக்குத் தெரியும், முதல் ஆளாக வந்து நிற்பார், கட்டையை எடுத்து அடிப்பார், நசுக்குவார், நசுக்கிவிட்டு உட்கார்ந்துகொள்வார். கத்தவில்லை. கட்டிலுக்கு அடியில் கையை விட்டேன், அட்டைப்பெட்டி, அதற்குள் அந்த வெள்ளை மூக்கு. விரல் பிசுக்கில் வழுக்கியது, அவர் தலைப் பிசுக்கு, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, விழுங்கினேன். கவிழ்த்தேன். உள்ளே படபடபட என்று பிளாஸ்டிக்கில் அடித்துக்கொள்கிறது, அது என் உள்ளங்கையில் துடிக்கிறது, வெதுவெதுப்பாக, சூடாக, இவ்வளவு சின்ன உடம்புக்கு இவ்வளவு நெஞ்சடிப்பா. அட்டையைக் கிழித்து அடியில் செருகினேன். ஜன்னலைத் திறந்ததும் பனி முகத்தில் அறைந்தது. விட்டேன். விழுந்துவிடும் என்று நினைத்தேன், விழவில்லை, கறுப்புத் துணியை யாரோ உதறியதுபோல இருட்டுக்குள் போய்விட்டது. ஜன்னலை மூடினேன். கையெல்லாம் கரி, மூத்திரமோ என்னமோ ஈரமாக, வாடை. ஆனால் யாரையும் கூப்பிடவில்லை. நானே பார்த்துக்கொண்டேன். தாரிணி தூங்குகிறாள்.

அப்போதுதான் கேட்டது. பின்கட்டிலிருந்து வருகிற செருப்பு. சரக், சரக். வராந்தா. நின்றது. ச்சப். பல்லிடுக்கில் நாக்கு. கூடத்தைத் தாண்டி வருகிறது. சாமி, பாத்ரூமுக்குப் போகட்டும், அத்தையிடம் ஏதாவது கேட்டுவிட்டுப் போகட்டும், வராதே. சரக், சரக். நெருப்பு இல்லை என்று தெரியும், அவர் வாயாலேயே சொன்னார், ஈர சிமிட்டிக்குச் சூடு ஆகாது. கதவு வரைக்கும் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. அவர் கால் வெளியே கதவைத் தள்ளவும் என் தோள் உள்ளே மோதவும் சரியாக இருந்தது. "என்னம்மிணி, கதவு பிடிக்குது?" "நெருப்பு இல்லீங்க மாமா." "தெரியுமே. சும்மா புள்ளையப் பாத்துட்டுப் போலாம்னு." "புள்ள தூங்கிருச்சுங்க." வெளியே வெற்றிலை மெல்லுகிற சத்தம், மரத்தின் அந்தப் பக்கம், என் காதுக்கு நேராக. பிறகு குரலைத் தணித்து, கிட்டத்தட்ட செல்லமாக, "நீ தூங்கலையே" என்றார்.

கூடத்தில் சீரியல் சத்தம் சட்டென்று குறைந்தது. அத்தைதான் குறைத்தார். ரிமோட் அவர் மடியில்தான் இருக்கும். கேட்டுவிட்டது, அவர் காதிலும் விழுந்துவிட்டது. சொல்லுங்க அத்தை. இங்க என்ன வேலை, போய்ப் படுங்க என்று ஒரு வார்த்தை. ஏனுங்க கொழுந்தனாரே என்று ஒரு கூப்பிடல். இருமலாவது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், அத்தையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார், வீடே காதாக நின்றது. பிறகு சத்தம் பழையபடி கூடியது. முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. ஆக என் மனசில் அழுக்கு இல்லை. இத்தனை நாள் முடிச்சு விழுந்த நூல் அறுந்தே போய்விட்டது, நல்லது. தாழ்ப்பாளைப் பிடித்தேன். தினமும் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்த கையை இதில்தான் துடைத்தேன், பெயிண்ட்டை நகத்தால் சுரண்டிச் சுரண்டி, எதற்கென்று எனக்கே சொல்லிக்கொள்ளாமல். அசைகிறது. ஆனால் பனியில் ஊதிய கதவு, ஓட்டையும் தண்டும் நேராக இல்லை, கதவைத் தோளால் தூக்கிப் பிடிக்க வேண்டும். வெளியிலிருந்து மறுபடியும் ஒரு தள்ளல், விளையாட்டுப்போல. "அட, நான் என்ன அந்நியனா அம்மிணி?" "மாமா," என்றேன், என் குரல் எனக்கே புதுசாக, சத்தமாக, சீரியலைத் தாண்டிக் கூடத்துக்குக் கேட்கிற மாதிரி. "மேல வெச்சது தொப்பி இல்லீங்க. மூடி. இனிமே இந்த ரூம்ல நெருப்பே கிடையாது. உங்களுக்கு இங்க வேலையும் கிடையாது." தோளைக் கொடுத்துக் கதவைத் தூக்கினேன். கரி அப்பிய விரலால் தண்டைத் தள்ளினேன். கொஞ்சம் திக்கி, நீல பெயிண்ட் செதிலாக உதிர்ந்து, டக் என்று தாழ் விழுந்தது.